விலை முந்தியது, நிவாரணம் பிந்தியது: இலங்கையின் எரிசக்தி மானியக் குறைப்பு

2022 ஓகஸ்ட் 21ஆம் திகதி நள்ளிரவு முதல் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒரே அறிவித்தலில் ஏற்பட்ட இந்த அதிகரிப்பு நூற்றுக்கு 290 வீதமாகும். அதற்கு முந்திய ஆறேழு மாதங்களில் பெற்றோலும் டீசலும் பல தடவைகள் விலை உயர்ந்திருந்தன. 2021 டிசெம்பரில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவாகியிருந்தது. எனினும் அந்த உயர்வு படிப்படியாக வந்தது. மண்ணெண்ணெயின் விலையோ ஓரிரவில் நான்கு மடங்கை எட்டியது. குப்பி விளக்கு எரிப்பவரும், மண்ணெண்ணெய் அடுப்பில் சமைப்பவரும், வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகில் கடலுக்குச் செல்பவருமே அந்த எரிபொருளின் பாவனையாளர்கள் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

இந்த விலை உயர்வுக்கு நியாயமே இல்லை என்று நாம் கூறவரவில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்த நாடு இது. டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நிலை மாறி, இரண்டு மாதங்களுக்கிடையில் 360 ரூபா வரை சென்றது. இறக்குமதி செய்யப்படும் எண்ணெயைப் பழைய விலைக்கு விற்பதற்கு எந்த அரசாங்கத்தினாலும் இயன்றிருக்காது. மேலும், 87 ரூபா என்பது எரிபொருள் நிரப்பு நிலையத்தின் பலகையில் எழுதப்பட்டிருந்த விலையே தவிர, மக்களுக்குக் கிடைத்த விலை அல்ல. மசகு எண்ணெய் வாங்கப் பணமின்றிச் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் 2021 நவம்பர் முதல் அடிக்கடி மூடப்பட்டது. அதனால் மண்ணெண்ணெய் வரத்து அருகிப்போக, கான்களுடன் நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் வெறுங்கையுடன் திரும்பினர். கறுப்புச் சந்தையில் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கியவர்களும் பலர். பொருள் இல்லாத இடத்தில் மானியத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

ஆயினும், மானியத்தை நீக்குவதா இல்லையா என்பதைவிட எதை முதலில் செய்வது, எதைப் பின்னர் செய்வது என்பதே ஏழைகளைப் பொறுத்தவரை பெரிய கேள்வியாகும். அந்தக் கேள்விக்கு இந்நாட்டு அரசாங்கங்கள் அளித்துவந்த பதில், கட்சி வேறுபாடின்றி, ஒன்றாகவே இருந்து வந்திருக்கின்றது.

இலங்கையில் எரிபொருள் விநியோகம் அரசின் கைக்கு வந்தது 1960களின் முற்பகுதியிலாகும். 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. ஷெல், கால்டெக்ஸ், எஸ்ஸோ ஆகிய கம்பனிகளின் சொத்துகள் அதன் வசமாகின. நட்டஈடு பற்றிய பிணக்கில் அமெரிக்கா 1963இல் தனது உதவியையே நிறுத்தியது. 1969இல் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையமும் இலங்கை மின்சார சபையும் தோன்றின. அன்று தொடக்கம் எண்ணெயின் விலையும் மின்சாரத்தின் விலையும் சந்தையில் அல்லாமல் அமைச்சரவையிலேயே தீர்மானிக்கப்பட்டன. உலகச் சந்தையில் விலை ஏறும்போது அந்தச் சுமையை மக்கள் மீது ஏற்றாமல் கூட்டுத்தாபனத்தின் கணக்கில் ஏற்றுவது வழக்கமாகியது. மின்சார சபை கூட்டுத்தாபனத்துக்குக் கடன்பட்டது. கூட்டுத்தாபனம் இலங்கை வங்கிக்கும் மக்கள் வங்கிக்கும் கடன்பட்டது. வரவு செலவுத் திட்டத்தில் மானியம் என்ற தலைப்பின் கீழ் இந்தத் தொகையைத் தேடினால் கிடைக்காது. அரச வங்கிகளின் ஏடுகளிலேயே அது மறைந்து கிடந்தது.

இந்த மானியத்தினால் கூடுதலாகப் பயனடைந்தவர்கள் யார்? பெரிய வாகனம் வைத்திருப்பவர் மாதத்துக்கு நூற்றுக்கணக்கான லீற்றர் எரிப்பார். லீற்றர் ஒன்றுக்கு எவ்வளவு மானியமோ, அத்தனை மடங்கு அவருக்குச் சேரும். குளிரூட்டி பொருத்திய வீட்டுக்கும் அவ்வாறே. வாகனமே இல்லாத குடும்பத்துக்கு பஸ் கட்டணத்தின் ஊடாக வருகின்ற சிறு பங்கைத் தவிர வேறொன்றும் இல்லை. விலை மூலம் வழங்கப்படும் மானியம் வாங்குபவரின் வசதியை அளந்து பார்ப்பதில்லை என்பதால், அதிகம் செலவிடுபவருக்கே அதிகம் கிடைக்கின்றது. இந்த வகையில் மானியத்தைக் குறைக்கும்படி சர்வதேச நாணய நிதியம் கூறும் வாதத்தில் உண்மை உண்டு.

இதற்கு ஓரளவு விதிவிலக்காக இருந்தது மண்ணெண்ணெய் ஒன்றுதான். வசதி படைத்தவர் அதனைத் தேடிச் செல்வதில்லை. அதனிலும் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. டீசலைவிட மிக மலிவாக இருந்தபோது அதனை டீசலுடன் கலந்து பஸ்களிலும் லொறிகளிலும் ஊற்றியோர் இருந்தனர். அரசாங்கம் விலையை உயர்த்தும்போதெல்லாம் முன்வைத்த காரணமும் இந்தக் கலப்படமே. ஆனால், களவாடுபவரைத் தடுக்க இயலாமல் பொருளின் விலையை ஏற்றுவது எவ்வகை நிர்வாகம் என்பதை அதிகாரிகளிடமே விட்டுவிடுவோம்.

வடபகுதி மக்களுக்கு மண்ணெண்ணெய் என்பது வெறும் எரிபொருள் மட்டுமல்ல. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்த தலைமுறை, ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டுத் திரியேற்றிப் படித்த தலைமுறையாகும். சில துளி பெற்றோலில் இயந்திரத்தை இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய காலம் அது. எனவே மண்ணெண்ணெயின் விலை பற்றிய அறிவித்தல் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் கொழும்பில் கேட்பது போன்று கேட்பதில்லை.

இனி மூன்று ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

2012 பெப்ரவரியில் எரிபொருள் விலைகள் திருத்தப்பட்டபோது பெற்றோல் 137 ரூபாவிலிருந்து 149 ரூபாவாகவும், டீசல் 84 ரூபாவிலிருந்து 115 ரூபாவாகவும், மண்ணெண்ணெய் 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவாகவும் உயர்ந்தன. பெற்றோலுக்கு ஒன்பது வீத உயர்வு. மண்ணெண்ணெய்க்கு ஐம்பது வீதத்தை அண்மித்த உயர்வு. கரையோரம் எங்கும் கடற்றொழிலாளர்கள் வீதிக்கு இறங்கினர். 15ஆம் திகதி சிலாபத்தில் ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது மேற்கொள்ளப்பட்ட துப்பாக்கிப் பிரயோகத்தில் ஒரு கடற்றொழிலாளி உயிரிழந்தார். மீனவர்களுக்கான எரிபொருள் மானியம் பற்றிய அறிவித்தல்கள் விலை உயர்வின் பின்னாலேயே வந்தன.

2018 மே மாதத்தில், அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீரவின் காலத்தில், உலகச் சந்தையை அடியொற்றிய விலைச் சூத்திரம் நடைமுறைக்கு வந்தது. நெடுங்காலமாக வேண்டப்பட்ட ஒரு சீர்திருத்தம் அது என்பதில் எமக்கு ஐயமில்லை. பெற்றோல் 117 ரூபாவிலிருந்து 137 ரூபாவாகவும் டீசல் 95 ரூபாவிலிருந்து 109 ரூபாவாகவும் உயர்ந்தன. மண்ணெண்ணெய் மாத்திரம் 44 ரூபாவிலிருந்து 101 ரூபாவாகியது. மீண்டும் கடற்றொழிலாளர் எதிர்ப்பு எழுந்தது. ஒரு மாதம் செல்வதற்குள் அமைச்சரவை அதனை 70 ரூபாவாகக் குறைத்தது. அந்தச் சூத்திரமும் 2019 இறுதியில் ஆட்சி மாறியவுடன் கைவிடப்பட்டது. 2020இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பெருமளவு சரிந்தபோது உள்ளூர் விலையைக் குறைக்காமல், மீதமாகும் பணத்தைக் கொண்டு விலை உறுதிப்பாட்டு நிதியம் ஒன்றை அமைப்பதாகக் கூறப்பட்டது. அந்த நிதியம் நிலைபெறவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் விலை ஏறியபோது கைகொடுக்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

மூன்றாவது, நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட 2022. நாளொன்றுக்கு 20 லீற்றர் எரிக்கும் படகுக்கு முன்னர் 1,740 ரூபா போதுமானதாக இருந்தது. பின்னர் 6,800 ரூபா வேண்டியிருந்தது. வலையில் மீன் படுகிறதோ இல்லையோ, இத்தொகையைக் கரையிலேயே செலுத்திவிட்டுத்தான் கடலுக்கு இறங்க வேண்டும். மீனவருக்கு லீற்றருக்கு 25 ரூபா வீதம் எரிபொருள் மானியம் வழங்க அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது 2024 ஒக்டோபரிலாகும். இடையில் இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

மின்சாரத்தின் கதையும் இதிலிருந்து வேறுபட்டதன்று. 2014 செப்டெம்பரில் கட்டணம் 25 வீதத்தால் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னர் எட்டு ஆண்டுகள் வரை கட்டணத்தை உயர்த்த எவரும் துணியவில்லை. எட்டு ஆண்டுகளில் சிறுகச் சிறுகச் செய்திருக்க வேண்டியதை 2022 ஓகஸ்டில் ஒரே தடவையில் செய்ய நேர்ந்தது. சராசரி உயர்வு 75 வீதம் எனக் கூறப்பட்டது. இந்தச் 'சராசரி' என்ற சொல் பல விடயங்களை மறைக்கக்கூடியது. மாதத்துக்கு 30 அலகுகளுக்கும் குறைவாகப் பாவிக்கும் வீடுகளுக்கு உயர்வு சராசரியாக 264 வீதமாக இருந்தது. அதிகமாகப் பாவிக்கும் வீடுகளில் அலகு ஒன்றுக்கு ஏறத்தாழ 45 ரூபாவாக இருந்தது 75 ரூபா அளவிற்கு உயர்ந்தது.

ஒரு குடும்பத்தின் பட்டியலை எடுத்து நோக்கினால் இது தெளிவாகும். மாதம் 30 அலகுகள் பாவிக்கும் வீடு, அலகுக்கு 2 ரூபா 50 சதமும் நிலையான கட்டணம் 30 ரூபாவுமாக 105 ரூபா செலுத்தி வந்தது. 2022 ஓகஸ்டின் பின் அலகுக்கு 8 ரூபா, நிலையான கட்டணம் 120 ரூபா. ஆக 360 ரூபா. 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதச் சராசரி உயர்வு வந்தபோது அலகுக்கு 30 ரூபாவும் நிலையான கட்டணம் 400 ரூபாவுமாகி, அதே 30 அலகுகளுக்கு 1,300 ரூபா செலுத்த வேண்டியதாயிற்று. ஆறு மாதத்தில் பன்னிரண்டு மடங்கு! இரண்டு மின்குமிழ்களும் ஒரு வானொலியும், சிலவேளை ஒரு சிறிய தொலைக்காட்சியும் உள்ள வீடு அது. பெருந்தோட்ட லயன் அறைகளிலும் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் இத்தகைய வீடுகளே அதிகம். 105 ரூபா மின்சாரத்தை உற்பத்தி செய்யும் செலவுக்கு எவ்வகையிலும் ஈடாகாது என்பதை நாம் அறிவோம். ஆனால் அது ஒரே நாளில் தோன்றிய உண்மை அல்ல.

2023 ஜூலையில் அதே பிரிவினருக்கு அலகுக்கு 10 ரூபாவும் நிலையான கட்டணம் 150 ரூபாவுமாகக் குறைக்கப்பட்டது. 1,300 ரூபா 450 ரூபாவாகியது. 2018இல் மண்ணெண்ணெய் 101 ரூபாவிலிருந்து 70 ரூபாவாக இறங்கியதைப் போன்றே, அதிகாரிகள் எழுதிய கணக்கு வாழ்க்கையோடு பொருந்தவில்லை என்பதை அரசே ஏற்றுக்கொண்டதாக இதனைக் கொள்ளலாம். இடைப்பட்ட ஐந்து மாதங்களில் பட்டியலைக் கட்ட முடியாமல் இணைப்புத் துண்டிக்கப்பட்ட வீடுகளுக்கு அந்தக் குறைப்பு காலங்கடந்தே வந்தது. அவ்வாறு துண்டிக்கப்பட்டவர் நிலுவையுடன் மீளிணைப்புக் கட்டணத்தையும் சேர்த்தே செலுத்த வேண்டும்.

அந்தக் காலப்பகுதியில் ஏழைகளுக்கு என்ன வழங்கப்பட்டது? 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாக இருந்தது. சமுர்த்திப் பட்டியல் 1995 தொடக்கம் அரசியல்வாதிகளின் தயவில் வளர்ந்த பட்டியல். அதில் இருக்க வேண்டியவர் பலர் இல்லை, இருக்கக்கூடாதவர் பலர் இருந்தனர். புதிய நலன்புரித் திட்டமான அஸ்வெசும 2023 ஜூலையிலிருந்தே நடைமுறைக்கு வந்தது. மண்ணெண்ணெய் விலையும் மின்கட்டணமும் உயர்ந்த ஓகஸ்டிலிருந்து அதுவரை பதினொரு மாதங்கள். திட்டம் ஆரம்பித்தவுடன் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் பிரதேச செயலகங்களில் குவிந்தன. கணினியில் பதிவு, புள்ளி வழங்கல், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொரு படியிலும் பின்தங்கியவர்கள் மிக வறியவர்களே. சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச் 20இல் அங்கீகரித்த நான்காண்டு நிகழ்ச்சித்திட்டம், எரிசக்தியைச் செலவுக்கு ஏற்ற விலையில் விற்பதையும் வறியோரைப் பாதுகாப்பதையும் ஒரே தாளில் வலியுறுத்துகின்றது. முதலாவதற்கு ஒரு வர்த்தமானி அறிவித்தலும் ஒரு நள்ளிரவும் போதும். இரண்டாவதற்குப் பெயர்ப்பட்டியல் வேண்டும், அலுவலர் வேண்டும், நேர்மை வேண்டும். அதனாலேயே அது பிந்துகின்றது.

பிற நாடுகள் இதனை எவ்வாறு கையாண்டன என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. இந்தோனேசியா 2005 ஒக்டோபர் முதலாம் திகதி எரிபொருள் விலைகளை இரண்டு மடங்குக்கும் அதிகமாக உயர்த்தியது. மண்ணெண்ணெய் லீற்றருக்கு 700 ரூபியாவிலிருந்து 2,000 ரூபியாவாகியது. ஆனால் அதே ஒக்டோபரிலேயே கோடிக்கும் அதிகமான வறிய குடும்பங்களுக்கு மாதத்துக்கு ஒரு இலட்சம் ரூபியா வீதம், மூன்று மாதத் தொகையை ஒன்றாக, தபாலகங்கள் ஊடாக வழங்கத் தொடங்கினார்கள். பட்டியலில் குழப்பங்கள் ஏற்பட்டன, தபாலகங்களில் நெரிசல் ஏற்பட்டது. எனினும் பணம் விலையோடு சேர்ந்தே வந்தது. 2007இலிருந்து மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பதிலாக எரிவாயு அடுப்பையும் மூன்று கிலோ சிலிண்டரையும் இலவசமாக வழங்கி, அந்த எரிபொருளின் தேவையையே குறைத்தார்கள். எமது நாட்டில் மண்ணெண்ணெய் விலை நான்கு மடங்கானபோது மாற்று அடுப்போ மாற்று இயந்திரமோ அத்தகைய அளவில் வழங்கப்படவில்லை.

ஈரானின் அனுபவம் இதைவிட நுணுக்கமானது. 2010 டிசெம்பரில் எரிபொருள், மின்சாரம், ரொட்டி ஆகியவற்றின் மானியங்கள் குறைக்கப்பட்டன. பங்கீட்டுப் பெற்றோல் லீற்றருக்கு 1,000 ரியாலிலிருந்து 4,000 ரியாலாகியது. ஆனால், விலை உயர்வதற்கு முன்னரே, ஆளொருவருக்கு மாதம் 455,000 ரியால் வீதம் குடும்பங்களின் வங்கிக் கணக்குகளில் வைப்பிலிடப்பட்டிருந்தது. கணக்கில் பணம் இருப்பதை மக்கள் கண்டனர், விலை உயரும் நாளில் அதனை எடுத்துக்கொண்டனர். பெரும் கொந்தளிப்பு எதுவுமின்றி அன்று மாற்றம் நிகழ்ந்தது. அதே நாட்டில் 2019 நவம்பரில் முன்னறிவித்தல் எதுவுமின்றி ஓரிரவில் பெற்றோல் விலை உயர்த்தப்பட்டு, அதற்கான கொடுப்பனவு பின்னர் வருமெனக் கூறப்பட்டபோது நாடெங்கும் ஆர்ப்பாட்டங்கள் வெடித்தன, நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். ஒரே நாடு, ஒரே ஆட்சிமுறை, ஒரே வகைச் சீர்திருத்தம். பணம் முந்தியதா விலை முந்தியதா என்பது இரண்டுக்கும் இடையிலான முக்கிய வேறுபாடுகளில் ஒன்று.

எனினும் ஈரானின் 455,000 ரியாலுக்குப் பின்னர் நேர்ந்ததையும் சொல்லாமல் விட முடியாது. ஆரம்பத்தில் ஏறத்தாழ 45 டொலர் பெறுமதியாக இருந்த அத்தொகை ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாமலே இருந்தது. பணவீக்கமும் நாணயத்தின் வீழ்ச்சியும் அதனைக் கரைத்துவிட்டன.

இந்த அனுபவத்துக்காக நாம் ஈரான் வரை செல்ல வேண்டியதில்லை. 1979 செப்டெம்பரில் இந்நாட்டில் அரிசிப் பங்கீடு நிறுத்தப்பட்டு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உணவு முத்திரைகளும், அவற்றுடன் மண்ணெண்ணெய் முத்திரைகளும் வழங்கப்பட்டன. அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியதற்காக 1953 ஓகஸ்ட் 12இல் ஹர்த்தாலைச் சந்தித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக நேர்ந்த நாட்டில், 1979இல் அத்தகைய எதிர்ப்பு எழவில்லை. முத்திரை கையில் இருந்தது. ஆனால் முத்திரையின் பெறுமதி ரூபாக்களில் அச்சிடப்பட்டிருந்தது. விலைகள் ஏறின, முத்திரை ஏறவில்லை. சில ஆண்டுகளுக்குள் அது வாங்கக்கூடிய அரிசியும் மண்ணெண்ணெயும் பெருமளவு சுருங்கிவிட்டன. ஆர்ப்பாட்டம் இல்லாமலே மானியம் இரண்டாம் முறையும் வெட்டப்பட்டது.

அஸ்வெசும திட்டத்திலும் இதே அபாயம் உண்டு. 2023இல் வறியவர் என வகுக்கப்பட்ட குடும்பத்துக்கு மாதம் 8,500 ரூபாவும் மிக வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபாவும் நிர்ணயிக்கப்பட்டன. 2025 ஜனவரி முதல் அவை முறையே 10,000 ரூபாவாகவும் 17,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. இந்த உயர்வு வரவேற்கத்தக்கது. ஆனால் அது அமைச்சரவையின் தீர்மானத்தினால் வந்ததே தவிர, எந்தச் சூத்திரத்தினாலும் வந்ததல்ல. மின்கட்டணமோ மின்சார சபையின் செலவைக் கணக்கிட்டு ஆண்டில் பல தடவைகள் மீளாய்வு செய்யப்பட்டு வந்துள்ளது: 2023 ஒக்டோபரில் 18 வீதம் ஏறியது, 2024 மார்ச்சிலும் ஜூலையிலும் 20 வீதத்துக்கு மேல் இறங்கியது, 2025 ஜனவரியில் 20 வீதம் மேலும் இறங்கி ஜூனில் 15 வீதம் ஏறியது. எண்ணெய் விலைக்கும் மாதாந்தத் திருத்தம் உண்டு.

2022இன் நெருக்கடியில் வாகன இலக்கத்தை வைத்து எரிபொருளைப் பங்கிட கியூஆர் குறியீட்டு முறை சில வாரங்களில் உருவாக்கப்பட்டது. முச்சக்கர வண்டிக்கு இத்தனை லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு இத்தனை லீற்றர் என்று நாடு முழுவதும் அது செயற்பட்டது. 2023 செப்டெம்பர் முதலாம் திகதி நிறுத்தப்பட்டது. பதிவு செய்யப்பட்ட ஒவ்வொரு படகுக்கும் கடற்றொழில் திணைக்களத்தில் இலக்கம் உண்டு. 30 அலகுகளுக்குக் குறைவாகப் பாவிக்கும் ஒவ்வொரு வீட்டின் கணக்கிலக்கமும் மின்சார விநியோகத்தரிடம் உண்டு. பெற்றோலைப் பங்கிடச் சில வாரங்களில் செய்ய முடிந்ததை, மண்ணெண்ணெய் மானியத்தை உரிய படகுக்கு மட்டும், விலை உயரும் அதே நாளில், கொண்டு சேர்க்கச் செய்ய முடியாமற்போனதற்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்ட இயலாது. அடுத்த விலைத் திருத்தத்துக்கான கணக்கைத் தயாரிக்கின்ற அதிகாரிகளிடம், அதனுடன் வெளியாகவேண்டிய கொடுப்பனவுப் பட்டியலையும் கேட்டுப் பெறுவது நாடாளுமன்றத்தின் நிதிக் குழுக்களின் பணியாகும்.